நாப்பத்தி நாலு தட்டு: பள்ளிக்கூடத்துல காலைச் சாப்பாடு சமைக்க வர்ற அம்மாவுக்கு

ஒட்டன்சத்திரம் பக்கத்துல ஒரு சின்ன ஊர். எங்க ஊர்த் தொடக்கப் பள்ளியில காலைச் சாப்பாடு சமைக்கிறது நானும் எங்க மகளிர் குழு அக்கா ஒருத்தரும். சமைக்கிறவங்க பிள்ளை அதே பள்ளியில படிக்கணும். என் மக இப்போ அஞ்சாவது. ஜூன்ல அவ ஆறாவதுக்குப் போயிட்டா என் இடத்துக்கு வேற அம்மா வருவாங்க. அவங்களுக்குத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

2022 செப்டம்பர் 15 அன்னைக்கு மதுரையில முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இந்தக் காலை உணவுத் திட்டத்தை ஆரம்பிச்சதை டிவியில பார்த்தப்ப, நான் இதுல நிப்பேன்னு நினைக்கல. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 25ல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிவுபடுத்துனாங்க. அன்னைக்குத்தான் எங்க பள்ளியில முதல் அடுப்பு பத்துச்சு. வீட்ல நாலு பேருக்கு மேல சமைச்சுப் பழக்கமில்லாத கை. முதல் உப்புமாவை ஒரு பையன் உருண்டையா உருட்டி, “அத்தை, பந்து”ன்னு காட்டுனான்.

முதல்ல அளவு. ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். சமைச்சு இறக்குனா 150ல இருந்து 200 கிராம் சாப்பாடு, 60 மில்லி சாம்பார். எங்ககிட்ட நாப்பத்தி நாலு தட்டு. அப்போ ரவை ரெண்டு கிலோ இருநூறு, பருப்பு 660 கிராம். கண்ணளவுல போடாதீங்க. நான் ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தராசுல வச்சு நிறுத்து, பருப்புக்கு எதுவரைக்கும்னு ஆணியால கீறி வச்சிருக்கேன். அலமாரியில இருக்கும், எடுத்துக்கோங்க.

இப்போ முக்கியமான சங்கதி. உப்புமா வயித்தை நிரப்பும். ஆனா பருப்புச் சத்தும் காய்ச் சத்தும் சாம்பார்லதான் இருக்கு. 15 கிராம் துவரம்பருப்புல மூணு கிராமுக்கு மேல புரதம் வருது. காய், கீரை எல்லாம் போறதும் அதே குண்டாவுக்குத்தான். அதனால காலையில வந்ததும் ரவையைத் தொடாதீங்க, பருப்பைக் கவனிங்க.

எங்க ஊர் போர் தண்ணி உப்புத் தண்ணி. அதுல எத்தனை விசில் விட்டாலும் பருப்பு கல்லாட்டம் நிக்கும். இது தெரியாம முதல் மாசம் ஒருநாள் ஏமாந்தேன். பருப்பு வேகவே இல்ல, மணி ஏழே முக்கால், வேற வழியில்லாம அப்படியே புளியைக் கரைச்சு ஊத்திட்டேன். பருப்பு அடியில தங்கிடுச்சு, மேல மஞ்சத் தண்ணி. ரெண்டாவது படிக்கிற ஒருத்தன் தட்டைத் தூக்கி மடக்குன்னு குடிச்சுட்டு, “இன்னைக்கு ரசமா அத்தை?”ன்னு கேட்டான். கேலி இல்ல, நெசமாவே கேட்டான். நான் பதில் சொல்லல.

அதுக்கப்புறம் செய்யிறது இதுதான். அஞ்சரைக்கு வந்ததும் குடிதண்ணியைச் சுட வச்சு பருப்பை அரைமணி நேரம் ஊற வைப்பேன். வேக வைக்கிறதும் குடிதண்ணியிலதான். மஞ்சள்தூள், ஒரு கரண்டி எண்ணெய் விடலாம். உப்பும் புளியும் பருப்பு மசிஞ்ச பிறகுதான். புளி முன்னாடியே போயிட்டா பருப்பு வேகாது. வெந்ததும் மத்தால நல்லாக் கடைஞ்சிடுங்க. கடைஞ்ச பருப்புதான் எல்லாத் தட்டுக்கும் சமமாப் போகும். முழுசா இருந்தா முதல்ல வாங்குறவனுக்குத் தண்ணி, கடைசியா வாங்குறவனுக்குப் பருப்பு.

காய்க்கு இங்க பஞ்சமில்ல. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டே பக்கத்துல. ஆனா பிள்ளைங்க பீன்ஸைக் கண்டா ஒதுக்கும். பட்டாணி அளவுக்குப் பொடியா நறுக்குங்க, கேரட்டைத் துருவிடுங்க. பரங்கிக்காயும் சுரைக்காயும் கரைஞ்சே போயிடும், ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. காயை நறுக்குறதுக்கு முன்னாடியே கழுவிடணும். நறுக்குன பிறகு கழுவுனா சத்து தண்ணியோட போயிடும்.

முருங்கைக்கீரைதான் பெரிய பாடு. முதல் தடவை ஆசையா ரெண்டு கைப்பிடி போட்டேன். ஒரு குட்டிப் பொண்ணு ஒவ்வொரு இலையா எடுத்து, தட்டு விளிம்புல கோலப் புள்ளி மாதிரி வரிசையா ஒட்டி வச்சுட்டு, சாம்பாரை மட்டும் தொட்டுச் சாப்பிட்டா. அடுத்த வாரம் அரைக் கைப்பிடி, அதுவும் காம்பு ஒண்ணு விடாம ஆஞ்சு, பொடியா நறுக்கி, கடைஞ்ச பருப்புல போட்டு மூடாம ரெண்டு கொதி. வாரா வாரம் கொஞ்சம் கூட்டினேன். மூணு மாசம் ஆச்சு, இப்போ பழைய அளவு போனாலும் கேள்வி இல்ல. இறக்குனதும் எலுமிச்சம்பழம் ரெண்டு மூணு பிழிஞ்சு விடுங்க. கீரையில இருக்குற இரும்புச்சத்து உடம்புல நல்லாச் சேர எலுமிச்சையில இருக்குற வைட்டமின் சி உதவும். அதே காரணத்துக்குத்தான் வீட்ல டீயும் வர்க்கியும் கொடுத்து அனுப்பாதீங்கன்னு அம்மாமாருக்குச் சொல்றேன். டீ அந்த இரும்பைச் சரியாச் சேரவிடாது. ஆனா விடியக் கருக்கல்ல காய் பறிக்கப் போறவங்ககிட்ட இதை ஒரு தடவை சொல்லலாம், தினம் சொல்லக் கூடாது.

காரம் வீட்ல போடுறதுல பாதி போதும். வெறும் வயித்தோட வர்ற அஞ்சு வயசுப் பிள்ளைங்க. பொங்கல்ல மிளகை முழுசாப் போட்டா எல்லாம் தட்டுல கிடக்கும், ஒண்ணு ரெண்டா இடிச்சுப் போடுங்க. கறிவேப்பிலையும் அப்படித்தான், நான் கிள்ளிப் போடுறேன்.

உப்புமாவுக்கு ஒரே ரகசியம், நாம இறக்குற நேரமும் பிள்ளை சாப்பிடுற நேரமும் வேற. ஏழே முக்காலுக்கு இறக்குனா எட்டேகாலுக்குத்தான் தட்டுல விழுது. அந்த அரைமணியில ரவை இறுகிடும். வீட்ல ஒண்ணுக்கு ரெண்டரை தண்ணி வைக்கிறவங்க இங்க மூணு வைங்க. இறக்கும்போது ‘தளதளன்னு இருக்கே’ன்னு பயம் வரணும், அதுதான் பதம். ரவையை ரெண்டு தவணையா வறுங்க, ஒரே தடவை போட்டா அடி கருகி மேல பச்சையா நிக்கும்.

வாரத்துல ரெண்டு நாளாவது சிறுதானியம் போடணும். சாமைப் பொங்கல் வச்சா கல் அரிக்காம உலையில போடாதீங்க. ஒரே ஒரு வாயில நறநறன்னு பட்டாப் போதும், அந்தப் பிள்ளை ஒரு மாசத்துக்குச் சாமையைத் தொடாது. மொதல்ல பாதி அரிசி பாதி சாமைன்னு பழக்குங்க.

திட்டத்துக்குன்னு இருக்குற போன் ஆப்ல சமையல் நேரம் பதியிறதுக்கு வேப்பமரத்தடியில நில்லுங்க, அங்கதான் சிக்னல் வரும். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துட்டு வீட்டுக்குப் போங்க. மிஞ்சுனதை மறுநாளைக்கு எடுத்து வைக்கவே கூடாது.

டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்த பிறகு பரிமாறுங்க. ஒண்ணாவது பிள்ளைங்களுக்கு முதல்ல ஒரு கரண்டிதான். மலை மாதிரி குவிச்சா பார்த்ததுமே மலைச்சுப் போயிடும். முடிச்சுட்டு மறுபடி கேட்டா வைங்க. திங்கக்கிழமை மட்டும் எல்லாரும் மறுபடி கேப்பாங்க, ஏன்னு கேக்காம வைங்க.

சாப்பிட்டு முடிச்சதும் பாத்திரம் கழுவ ஓடாதீங்க. குழாயடியில ரெண்டு நிமிஷம் நில்லுங்க. பிள்ளைங்க தட்டுல என்ன ஒட்டிட்டு வருதுன்னு பாருங்க. நேத்து நாலு தட்டுல கத்திரிக்காய்த் தோல் இருந்துச்சு. நாளைக்கு இன்னும் சின்னதா நறுக்கணும்.