ரெவிட்டில் எல் வடிவத் தூணுக்கு ஃபேமிலி செய்வது எப்படி?

ரெவிட் என்பது கட்டடங்களை மாடலாக வரையும் மென்பொருள். ஃபேமிலி என்பது அதில் அளவை மாற்றித் திரும்பத் திரும்ப வைக்கக்கூடிய ஒரு பொருளின் அச்சு. 230 மி.மீ. சுவர்கள் சந்திக்கும் மூலையில் சதுரத் தூண் வைத்தால் அறைக்குள் பிதுங்கி நிற்கும். எல் வடிவத் தூண் சுவரோடு ஒன்றிவிடும். பயிற்சிக்கு இரண்டு கைகளும் 600 மி.மீ., தடிமன் 230 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். (கட்டடத்துக்கான அளவை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும்.)

ஃபைல், நியூ, ஃபேமிலி என்று போய் ‘மெட்ரிக் ஸ்ட்ரக்சுரல் காலம்’ டெம்ப்ளேட்டைத் திறங்கள். பக்கத்திலேயே ‘மெட்ரிக் காலம்’ என்று ஒன்று இருக்கும். அது ஆர்க்கிடெக்சுரல் தூண், நமக்கு ஆகாது. திறந்ததும் ஃபேமிலி கேட்டகரி பெட்டியில் ‘மெட்டீரியல் ஃபார் மாடல் பிஹேவியர்’ என்பதை கான்க்ரீட் ஆக்குங்கள்.

விட்த் (அகலம்), டெப்த் (ஆழம்) என்ற பாராமீட்டர்கள், அதாவது மாற்றக்கூடிய அளவுகள், இரண்டும் டெம்ப்ளேட்டிலேயே உண்டு. ஃபேமிலி டைப்ஸில் இரண்டையும் 600 ஆக்குங்கள். பிறகு லெஃப்ட் ரெஃபரன்ஸ் பிளேனுக்கு (வடிவத்தைப் பூட்ட உதவும் வழிகாட்டித் தளம்) வலப்புறம் ஒன்று, ஃப்ரன்ட் பிளேனுக்கு மேலே ஒன்று என இரண்டு புது பிளேன் வரையுங்கள். லெஃப்டிலிருந்தும் ஃப்ரன்டிலிருந்தும் அவற்றுக்கு டைமென்ஷன் போட்டு, இரண்டுக்கும் ‘தடிமன்’ என்ற ஒரே பாராமீட்டரைக் கொடுத்து 230 ஆக்குங்கள்.

அடுத்து எக்ஸ்ட்ரூஷன், அதாவது தட்டையான வடிவத்தை உயர்த்தித் திடப்பொருளாக்கும் கட்டளை. ஆறு கோடுகளில் எல் வரையுங்கள். கோடு பிளேன்மேல் உட்கார்ந்திருப்பது மட்டும் போதாது, பூட்ட வேண்டும். அலைன் கட்டளையில் முதலில் பிளேனையும் பிறகு கோட்டையும் க்ளிக் செய்தால் சின்னப் பூட்டுப் படம் வரும், அதை அழுத்துங்கள். ஆறுக்கும் இப்படியே. கோடுகளுக்கு இடையில் தனியாக டைமென்ஷன் போட்டுப் பூட்டாதீர்கள். ஒரே அளவை இரண்டு பேர் பிடித்து இழுத்தால், அளவை மாற்றும்போது கன்ஸ்ட்ரெயின்ட் (பூட்டுகள் மோதும்) பிழை வரும்.

ஃப்ரன்ட் எலிவேஷனில் மேல்முகத்தை ‘அப்பர் ரெஃப் லெவல்’ கோட்டிலும், கீழ்முகத்தை ‘லோயர் ரெஃப் லெவல்’ கோட்டிலும் பூட்டுங்கள். இதை விட்டால் தளத்தின் உயரம் மாறும்போது தூண் நீளாது. எக்ஸ்ட்ரூஷனைத் தேர்ந்து, ப்ராப்பர்டீஸில் மெட்டீரியலுக்கு அருகிலுள்ள சிறு பொத்தானை அழுத்தி ‘ஸ்ட்ரக்சுரல் மெட்டீரியல்’ பாராமீட்டரோடு இணையுங்கள்.

இப்போது சோதனை: விட்த் 900, தடிமன் 300 என்று மாற்றிப் பாருங்கள். வடிவம் கூடவே நகராவிட்டால் ஏதோ ஒரு கோடு பூட்டப்படவில்லை. சரியாக நகர்ந்தால் பழைய அளவுக்குத் திருப்பி, சேமித்து, ப்ராஜெக்ட்டில் லோடு செய்யுங்கள்.

வைத்த தூண் பிளானில் தெரியவில்லையா? ஆப்ஷன்ஸ் பாரில் ‘டெப்த்’ (முன்பு பார்த்த அளவு அல்ல, கீழ்நோக்கி வைக்கும் தேர்வு) என்று இருப்பதால் தளத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். ‘ஹைட்’ என்று மாற்றி வையுங்கள்.

3 மீட்டர் உயரத்தில், பீமோ ஸ்லாபோ தொடாத இடத்தில் ஒரு தூண் வைத்து, ப்ராப்பர்டீஸில் வால்யூம் பாருங்கள். 0.669 கன மீட்டர் வர வேண்டும். 1.08 என்று காட்டினால் நீங்கள் வரைந்தது எல் அல்ல, முழுச் சதுரம்.