பரிசோதனைத் திட்டம் தவறினால் யாரிடம், எப்படிக் கணக்குக் கேட்பது

புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்ட பெண்ணுக்கு முடிவு வந்து சேராமலோ, மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததோடு எல்லாம் நின்றோ போனால், ஊரில் முதலில் திட்டு வாங்குபவர் செவிலியரோ மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலரோதான். பணியிடம் நிரப்புவது, மருந்து வாங்குவது, இலக்கு வகுப்பது ஆகியவற்றை முடிவு செய்பவர்கள் அவர்கள் அல்லர். முடிவெடுத்தவர் யார், குறை அவருக்கு எந்தத் தேதியில் தெரியவந்தது என்பதை ஆவணத்தால் நிறுவுவதே உங்கள் வேலை.

அந்த ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு விண்ணப்பிக்கும் முன், உங்கள் ஊர் எந்த மாவட்ட எல்லையில் இருக்கிறது என்று பாருங்கள். செட்டிநாடு ஒரே மாவட்டம் அன்று. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிவகங்கைக்கும், இராயவரம், கோனாபட்டுப் பக்கம் புதுக்கோட்டைக்கும் உரியவை. மனு தவறான அலுவலகத்துக்குப் போனாலும், தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் 6(3) பிரிவின்படி அதை 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும். ஆனாலும் நேராக அனுப்புவது நல்லது.

கேள்வியை அமைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். திட்டு தெரிந்தால் அது புற்றுநோய் என்று பொருளில்லை. பெரிய மருத்துவமனையில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றே பொருள். திட்டம் பெரும்பாலும் அறுபடுவது இந்த இடைவெளியில்தான், அரசு விழாவில் வாசிக்கப்படும் எண்ணோ சோதித்தவர்களின் எண் மட்டுமே. வரவை மட்டும் எழுதிய பேரேட்டை ஐந்தொகை என்று நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எனவே, துணை சுகாதார நிலைய வாரியாக, மாத வாரியாக, சோதிக்கப்பட்டவர், அறிகுறி தென்பட்டவர், பரிந்துரைக்கப்பட்டவர், மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர், சிகிச்சை முடித்தவர் என்ற ஐந்து எண்ணிக்கைகளைக் கேளுங்கள். அத்துடன் காலிப் பணியிடங்களின் பட்டியல், இருப்புப் பதிவேட்டில் பொருள் தீர்ந்த தேதிகள், அதைத் தெரிவித்து மேலே எழுதிய கடிதங்கள், அவற்றுக்கு வந்த பதில்கள், ஆய்வுக் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றின் நகல்களையும் கேளுங்கள். “ஏன் செய்யவில்லை” என்று கேட்டால் விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். நோயாளிகளின் பெயரை ஒருபோதும் கேட்க வேண்டாம். அது மறுக்கப்படும், கேட்பதும் முறையன்று. கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

தேதிகள் எதற்கு என்பதை அயர்லாந்து காட்டியது. அங்கே 2018-இல் பழைய கருப்பை வாய்ச் சோதனைகளைத் திரும்பச் சரிபார்த்த மறுதணிக்கையின் முடிவுகள் பெண்களுக்குச் சொல்லப்படாதது அம்பலமானபோது, 2016-ஆம் ஆண்டின் உள்குறிப்புகள் வெளிவந்து, மேலிடத்துக்கு முன்பே தெரியும் என்பதைக் காட்டின. அரசுச் சுகாதாரச் சேவை நிர்வாக அமைப்பின் தலைமை இயக்குநர் பதவி விலகினார், அமைச்சர் நீடித்தார். அதிகாரி போனதோடு அரசியல் பொறுப்பு தீர்ந்துவிட்டதா என்பது நம் ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வியே.

ஆவணம் கைக்கு வந்ததும் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை வழக்கமான நாட்கள். உங்கள் பேச்சு தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டே எழுந்திருங்கள். பிறகு சட்டமன்ற உறுப்பினரிடம் தீர்மான நகலையும், ஆவணத்தின் பக்க எண்ணைச் சுட்டும் ஒற்றை வினாவையும் எழுத்தில் கொடுத்து, சட்டமன்றத்தில் சுகாதாரத் துறைக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கேட்காமல் விட்டால், அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது எடுத்துக் காட்ட அந்த ஒப்புகை உதவும்.