டேட்டாநோடை நிறுத்தாமல் டிஸ்க் மாற்றிய விதம்

பல கணினிகளில் தரவைப் பிரித்துச் சேமிக்கும் ஹடூப் 3-இல் டிஸ்க் மாற்ற, ஒவ்வொரு கணினியிலும் தரவைக் கையாளும் டேட்டாநோட் நிரலை நிறுத்த வேண்டியதில்லை. புதிய டிஸ்க்கை மவுண்ட் செய்து, டைரக்டரியின் உரிமையை டேட்டாநோட் ஓடும் பயனருக்கு மாற்றி, அனுமதியை 700 (அந்தப் பயனருக்கு மட்டும்) ஆக்கினேன். எச்டிஎஃப்எஸ்-சைட் அமைப்புக் கோப்பின் டேட்டா டைரக்டரிப் பட்டியலில் பாதையைச் சேர்த்து, டிஎஃப்எஸ்அட்மின் நிர்வாகக் கட்டளையில் ரீகான்ஃபிக் (அமைப்பை மீண்டும் படிக்கச் சொல்வது) ‘ஸ்டார்ட்’ கொடுத்தேன். இதற்கு டேட்டாநோடின் ஐபிசி போர்ட்தான் (நிரல்கள் தமக்குள் பேசும் போர்ட்) வேண்டும், இயல்பாக 9867. ‘ஸ்டார்ட்’ வேலையைத் தொடங்கி வைப்பதோடு சரி, பாதை தவறா என்பது ‘ஸ்டேட்டஸ்’ கேட்டால்தான் தெரியும்.

பழைய டிஸ்க்கை நீக்குவதில்தான் வில்லங்கம். பட்டியலிலிருந்து எடுத்தால் அதிலுள்ள பிளாக்குகள் (கோப்புகளின் துண்டுகள்) பக்கத்து டிஸ்க்குக்கு நகராது. மற்ற நோடுகளில் (கணினிகளில்) உள்ள நகல்களிலிருந்து, எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் நேம்நோட் புதிதாக உருவாக்கச் சொல்லும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க்தான். கோப்புகளின் நிலையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே கட்டளையின் அறிக்கையில் நகல் குறைந்த பிளாக்குகள் 0 ஆன பிறகே அடுத்தது. நகல் எண்ணிக்கை 1 உள்ள கோப்புகள் இருந்தால் முதலில் நகல் எண்ணிக்கையை மாற்றும் செட்ரெப் கட்டளை மூலம் 2 ஆக்கி, இரண்டாவது நகல் உருவாகும்வரை பொறுக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தரவு போனது போனதுதான்.

மறுதொடக்கத்தில் மவுண்ட் விட்டுப்போனால் டேட்டாநோட் வெறும் டைரக்டரியில் எழுதி, இயங்குதளம் இருக்கும் ரூட் பகிர்வை நிரப்பிவிடும். மவுண்ட் செய்யும் முன்பே அந்த வெற்று டைரக்டரிக்கு ‘சாட்டர் +ஐ’ (மாற்றத்தைத் தடுக்கும் லினக்ஸ் கட்டளை) போட்டுவிட்டால் எழுத முடியாது.

புதிய டிஸ்க் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். சாதாரண பேலன்சர் நோடுகளுக்கு இடையே மட்டுமே சமன்செய்யும். ஒரே நோடுக்குள் டிஸ்க்பேலன்சர் வேண்டும்: பிளான் (திட்டம் போட), எக்சிகியூட் (செயல்படுத்த), கியூரி (நிலை பார்க்க). இயல்பு வேகம் நொடிக்கு 10 எம்பி, 1 டிபி நகர ஏறக்குறைய 28 மணி நேரம். பிளான் போடும்போதே வேகத்தைக் கூட்டலாம். பிளான் இயல்பாக ஒரு நாள்தான் செல்லுபடியாகும்.