எந்தப் புத்தகத்தில் படித்தேன்? பரவலாக வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாட்களில், இலங்கை மலையகத்து ஹட்டனில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஒரு நண்பரின் கடை மேல்மாடி, நாலு வாங்கு, ஒரு கேத்தல் பிளேன்டீ, அவ்வளவுதான். போன போயாவுக்கு உயர்தரம் (ஏ.எல்.) படிக்கும் தம்பி ஒருவன் புதிதாக வந்தான். தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கிய சனம் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்த கதையை எழுந்து நின்று சொன்னான். வழியில் பிள்ளை பெற்ற ஒரு பெண், அவளை விட்டுவிட்டு நடக்கச் சொன்ன, ஆட்களைக் கூட்டிவந்த கங்காணி, திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்த புருஷன். கேட்டவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க தோட்டத்து ஆளுங்க இப்படித்தான் சேர் வந்தாங்க" என்று முடித்தான்.

"எதில படிச்சீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"வரலாறுதான் சேர்" என்று கொப்பியைப் புரட்டினான். குறிப்பு முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. புத்தகத்தின் பெயர் மட்டும் இல்லை. போனில் எடுத்து வைத்திருந்த பக்கத்தைக் காட்டினான். அது ஒரு நாவல்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே தவறை 1998இல் நான் செய்திருக்கிறேன், அதுவும் அச்சில். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பக்கத்தை மடிக்காதே, படுத்துக்கொண்டு படிக்காதே என்பதையெல்லாம் பாடசாலையிலேயே கேட்டிருப்பீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். வரலாறு, நாவல், த்ரில்லர், சுயசரிதை என்று கையில் கிடைப்பதையெல்லாம் ஆசையோடு படிப்பவர்கள் விழுகிற குழிகள் வேறு.

பெயரில்லாத குறிப்பு

அப்போது எனக்கு 24 வயது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு நினைவு மலர் போடுவது என்று முடிவானது. படிக்கிற பையன் என்பதால் தோட்ட வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்தது. என்னிடம் இரண்டு கொப்பி நிறையக் குறிப்புகள் இருந்தன. பிடித்த வரியை எழுதுவேன், அடுத்த புத்தகத்துக்குப் போவேன். புத்தகத்தின் பெயர் மனசில் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

"எங்கள் முன்னோர் மன்னாரில் இறங்கி, காடும் மேடும் கடந்து, மாத்தளை வழியாக நடந்தே இம்மலைக்கு வந்தனர்" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். வழியில் விட்டுவரப்பட்ட பெண்ணும் அதில் இருந்தாள். 300 பிரதி அடித்தோம்.

திருவிழாவின் மூன்றாம் நாள் மேல் லயத்துப் பாட்டி ஒருவர் என்னை வரச்சொன்னார். எண்பது தாண்டியவர். பேரனை விட்டு மலரைப் படிக்கச்சொல்லிக் கேட்டிருக்கிறார். இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "எங்களை யாருய்யா நடக்க வச்சது? எங்கப்பா தோள்ல உக்காந்து தலைமன்னார்ல கப்பல விட்டு எறங்குனவ நானு. அங்கேருந்து கோச்சி. ஹட்டன் வரைக்கும் கோச்சி."

பிறகு உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து அவிழ்த்தார். ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிய தகர வில்லை. மேலே ஒரு துளை, துளையில் கறுத்துப்போன நூல். அதில் அடித்திருந்த எண் பாதி தேய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, பெருவிரலால் தடவினால் தெரிந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று காட்ட அவருடைய அப்பா கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்த வில்லை அது.

பாட்டி சொன்னதுதான் சரி. காட்டு வழி நடை கோப்பிக் காலத்துக் கதை. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோச்சிப் பாதை, அதாவது ரயில் பாதை, 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. பாட்டியின் அப்பா வந்தது 1920களில். தமிழ்நாட்டுக் கரையில் இருந்த மண்டபம் முகாமில் நாள் கணக்கில் அடைபட்டு, கப்பலேறி, கோச்சி மாறி வந்தார். அந்தப் பயணத்துக்கும் அதற்கே உரிய கஷ்டம் இருந்தது. அதைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. இவருடைய பயணத்தை அழித்துவிட்டு, ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்திய வேறு ஆட்களின் நடையை, அதுவும் ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்த நடையை, அங்கே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கொப்பியைப் பார்த்தேன். மேலே ஒரு வரலாற்று நூலிலிருந்து எடுத்த குறிப்பு, அதற்குக் கீழே நாவலின் குறிப்பு. நடுவில் ஒரு கோடுகூட இல்லை.

மிச்சமிருந்த பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டினோம். மைதா மாவுப் பசை காய்ச்சி, நாலு பேர் ஒரு ராத்திரி முழுக்க ஒட்டினோம். சீட்டு அடித்த செலவுக்கு என் அரை மாதச் சம்பளம் போனது. அதைத் தாங்கிக்கொள்ளலாம். கொழும்புக்கும் தமிழ்நாட்டுக்கும் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துப்போன நூற்றுச்சொச்சம் பிரதிகளை என்ன செய்வது? 2011இல் கும்பாபிஷேகத்துக்கு இன்னொரு மலர் வந்தது. அதில் தோட்ட வரலாறு எழுதியவர், "1998 மலரில் குறிப்பிட்டுள்ளபடி" என்று என் பழைய வரியை அப்படியே போட்டிருந்தார். என் தவறு சான்றாக மாறிவிட்டது! அப்போது பாட்டி உயிரோடு இல்லை. தகர வில்லை யாரிடம் இருக்கிறதென்று வீட்டாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் அந்த மலரைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இப்போது ஒரு குறிப்பு எழுதும் முன் நாலு விஷயத்தை மேலே எழுதிவிடுவேன்: புத்தகத்தின் பெயர், ஆசிரியர், எழுதப்பட்ட ஆண்டு, என்ன வகை. வகைக்கு ஓர் எழுத்து போதும். நாவலுக்கு நா, வரலாற்றுக்கு வ, சுயசரிதைக்குச் சு. கடைசியில் பக்க எண். போனில் படம் எடுப்பவர்கள் முதலில் தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரம் உள்ள பக்கத்தையும் எடுங்கள், அப்புறம் வேண்டிய பக்கத்தை எடுங்கள். அரை நிமிஷ வேலை.

நடந்த ஆண்டையும் எழுதிய ஆண்டையும் ஒன்றாக எண்ணுவது

பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் சுயசரிதைக்குள் நுழையாதீர்கள். எனக்கு இதைப் புரியவைத்தவர் லெனார்ட் வூல்ஃப். 1904இல் ஆங்கிலேய அதிகாரியாக இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை என்று வேலை பார்த்துவிட்டு 1911இல் திரும்பிப் போனார். போய் இரண்டு வருஷத்தில், 1913இல், தென்னிலங்கைக் காட்டோரக் கிராமம் ஒன்று அழிவதை நாவலாக எழுதினார். இலங்கை வாழ்க்கையைச் சுயசரிதையாக எழுதியது 1961இல். நடுவில் ஐம்பது வருஷம்.

அந்த ஐம்பது வருஷத்தில் அவர் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எழுதும் ஆளாகிவிட்டார். கண்டி போகம்பறைச் சிறையில் தூக்குத் தண்டனைகளை முன்னால் நின்று பார்க்க நேர்ந்ததை அவர் சுயசரிதையில் சொல்லும்போது, நின்று பார்த்த இளைஞனோடு சேர்ந்து எழுதுகிற எண்பது வயதுக் கிழவரும் பேசுகிறார். அம்பாந்தோட்டையில் அவர் எழுதிய உத்தியோக நாட்குறிப்பும் பிறகு நூலாக வந்தது. அதில் உப்புச் சேகரிப்பு, மாட்டு நோய் என்று அன்றன்றைய கவலைகளும் அதிகாரியின் கண்டிப்பும் தெரிகின்றன. ஒரே ஆள், ஒரே ஊர், மூன்று குரல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது கிடைத்த சந்தோஷம் எனக்கு வேறு எந்த வாசிப்பிலும் கிடைத்ததில்லை. ஒன்றை மட்டும் படித்துவிட்டு "வூல்ஃப் இப்படித்தான்" என்று பேசுகிறவர்கள் நிறையப் பேர்.

சுயசரிதை எங்கே வாயை மூடுகிறது என்று பாராமல் விடுவது

அகதா கிறிஸ்டி 1926 டிசம்பரில் 11 நாள் காணாமல் போனார். இங்கிலாந்து முழுக்கத் தேடினார்கள், கடைசியில் ஒரு ஹோட்டலில் இருந்தார். அவர் இறந்த பிறகு, 1977இல் வெளிவந்த சுயசரிதை தடித்த புத்தகம். அந்த 11 நாளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. வாழ்நாள் முழுக்க மர்மக் கதை எழுதியவர் தன் மர்மத்தை எழுதாமலே போனார்.

மௌனம் எல்லாமே மறைப்பதற்காக வருவதில்லை. காந்தி 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தார், கதர் நிதிக்காகக் கண்டி, ஹட்டன் பக்கமெல்லாம் பேசினார். சத்திய சோதனை அந்த வருஷங்களில்தான் தொடராக வந்துகொண்டிருந்தது. ஆனால் 1920 வாக்கிலேயே கதையை நிறுத்திவிடுகிறார். அதற்குப் பிறகான தன் வாழ்க்கை ஊரறிந்தது என்கிறார். மலையக வருகையை நான் அதில் இரண்டு முறை தேடியிருக்கிறேன். மகாதேவ் தேசாய் எழுதிய பயண நூலையும் அந்தக் காலத்துப் பத்திரிகைகளையும் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாழ்க்கைக் கதையைக் கையில் எடுத்தால் அது எந்த வருஷத்தில் தொடங்கி எந்த வருஷத்தில் முடிகிறது என்பதை முதலில் பாருங்கள்.

எல்லாவற்றையும் த்ரில்லர் வேகத்தில் படிப்பது

த்ரில்லர் படிப்பதைத் தாழ்வாக நினைப்பவன் இல்லை நான். ஹட்டனில் பஸ் ஏறிக் கொழும்பில் இறங்குவதற்குள் ஒரு பாக்கெட் நாவலை முடித்த நாட்கள் அருமையானவை. அதே ஓட்டத்தில் அடுத்த புத்தகத்துக்குள் பாய்வதுதான் பிரச்சினை.

ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நொக்ஸ் 1660இல் பிடிபட்டு, கண்டி அரசனின் நாட்டில் 19 வருஷம் கைதியாக இருந்து 1679இல் தப்பினார். 1681இல் லண்டனில் அவருடைய நூல் வந்தது. எங்கள் வட்டத்தில் ஒருவர் தப்பிப்போகும் அத்தியாயங்களை மட்டும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "அனுராதபுரம் வழியா அரிப்புக் கோட்டைக்குப் போற பாதை எப்படித்தான் தெரிஞ்சுதோ, அதிர்ஷ்டம்" என்றார். அதிர்ஷ்டமில்லை. அவர் தாண்டிப்போன மெதுவான பக்கங்களில் நொக்ஸ் தொப்பி பின்னி விற்கிறார், நெல்லைக் கடன் கொடுக்கிறார், சில்லறைச் சாமான் தூக்கிக்கொண்டு வடக்குப் பக்கம் வியாபாரத்துக்குப் போய்ப் போய் வருகிறார். பாதையைக் கற்றதும், ஊர்க்காரர் சந்தேகப்படாமல் பழகியதும் அந்த வியாபாரத்தில்தான். துப்பறியும் கதையில் முதல் அத்தியாயத்துச் சின்னப் பொருளை ஞாபகம் வைத்துக்கொள்கிறவர், வரலாற்று நூலில் தொப்பியைத் தவறவிட்டுவிட்டார்.

பின்னட்டையை நம்புவது

வேண்டாம். விற்பதற்காக எழுதியது அது.

கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பது

துப்பறியும் நாவலில் கூடாது. வரலாற்று நூலில் கட்டாயம் பாருங்கள். சான்றுப் பட்டியல் அங்கேதான் இருக்கும்.

எண்ணை விட்டுக் கதையை, கதையை விட்டு எண்ணைப் படிப்பது

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழர் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு இந்த எண்கள் சோதனைக்குப் பாடம். இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஆட்களை ஏற்றிப்போன கோச்சியை ஏன் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள் என்று கேட்டால் தெரியாது. வேறு சிலர் கதைகளைப் படித்து அழுவார்கள், எந்த ஒப்பந்தம், எந்த வருஷம் என்று தெரியாது.

சி. வி. வேலுப்பிள்ளையைப் படியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர் கவிஞர், நாவலாசிரியர், தொழிற்சங்கக்காரர். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர். அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்து, அவரைத் தெரிந்தெடுத்த சனத்தை நாடற்றவர்களாக்கியது. அவருடைய நாவலில் ஒரு தொழிலாளி வேலையும் வீடும் இழந்து அலைவதைப் படிக்கும்போது பக்கத்தில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கதையையும் வைத்துக்கொண்டால், அந்த மனிதன் ஏன் எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்கவில்லை என்பது விளங்கும்.

அந்த ஏ.எல். தம்பியிடம் நாவலைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. கொப்பியில் அந்தப் பக்கத்தின் மேலே "நா" என்று எழுதவைத்தேன். உங்கள் ஆட்கள் எந்த வருஷத்தில் வந்தார்கள், நடந்தா கோச்சியிலா என்று வீட்டில் கேளுங்கள் என்றேன். அப்பாயிக்கு ஞாபகம் இருக்காது, ஆனால் தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டும் சில கடதாசிகளும் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன என்றான். அடுத்த போயாவுக்குக் கொண்டுவருகிறான்.