பழைய ஸ்பெக்ட்ரத்துக்கு மெக்கானிக்கல் கீபோர்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டரான சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தின் மூடியைத் திறந்தவுடன், விறைத்து வெடித்துப் போன மெம்பிரேனை (கீகளுக்கு அடியில் தொடர்பு கொடுக்கும் பிளாஸ்டிக் தாள்) பிடுங்கி எறிந்துவிட்டு, கீக்கு ஒன்றாக வைக்கும் மெக்கானிக்கல் ஸ்விட்ச்சுக்கு ஆர்டர் போடும் அவசரம் பலருக்கு வருகிறது. கொஞ்சம் பொறுங்கள். கீ அடிக்கவில்லை என்பதாலேயே மெம்பிரேன்தான் கெட்டது என்று சொல்லிவிட முடியாது, மெயின் போர்டில் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போயிருந்தாலும் இதே கதிதான். புதுக் கீபோர்டைக் கட்டி மாட்டிய பிறகும் அதே ஐந்து கீ செத்துக் கிடந்தால் நீங்கள் வைத்த ஈயத்தை ஒவ்வொரு புள்ளியாகச் சந்தேகப்பட வேண்டிவரும். சேலத்தில் என் முதல் மெஷினுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போனது, கடைசியில் பழுது போர்டில் இருந்தது.

அதனால் முதலில் மெஷினைச் சோதியுங்கள். மெம்பிரேனின் வால் செருகும் சாக்கெட் போர்டில் இரண்டு இருக்கும், ஒன்றில் 8 வரி, மற்றதில் 5 வரி. எட்டில் ஒன்றையும் ஐந்தில் ஒன்றையும் ஒரு மெல்லிய கம்பியால் இணைத்தால் ஒரு கீ அழுத்தியதாக மெஷின் எடுத்துக்கொள்ளும். 8 × 5, மொத்தம் 40 கீ, அந்தக் கீபோர்டு அவ்வளவுதான். நாற்பதையும் தொட்டுப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள், பழுது எங்கே என்று அந்தத் தாளே சொல்லிவிடும். 1 முதல் 5 வரை மொத்தமாக வரவில்லையா, எட்டு வரியில் ஒன்று போயிருக்கிறது. கேப்ஸ் ஷிப்ட், ஏ, க்யூ, 1, 0, அதற்குக் கீழே இருக்கும் பி, என்டர், ஸ்பேஸ் என்று இரண்டு ஓரத்துக் கீகளும் சேர்ந்து செத்திருக்கிறதா, ஐந்து வரியில் முதலாவது போயிருக்கிறது.

இன்னொன்று, அந்தச் சாக்கெட்டுகள் காகிதம் மாதிரி மெல்லிய வாலைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. அதில் சாதாரண ஹெட்டர் பின்னைத் திணித்தால் உள்ளே இருக்கும் தகடு விரிந்துவிடும், பிறகு என்றைக்காவது பழைய மெம்பிரேனைப் போட நினைத்தால் பிடிக்காது. மெல்லிய பின்னாகத் தேடுங்கள், இல்லையென்றால் மெம்பிரேன் வால் போலவே ஒரு பிளாட் கேபிளை வாங்குங்கள்.

சரி, இனி முக்கியமான விஷயம். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: இன்றைய யுஎஸ்பி கீபோர்டு கட்டிய பழக்கத்தை அப்படியே பழைய மெஷினுக்குக் கொண்டுபோவது. யுஎஸ்பி கீபோர்டுக்குள் தனியாக ஒரு சிப் உட்கார்ந்து கீகளைப் படிக்கிறது. ஸ்பெக்ட்ரம் கீபோர்டில் சிப் கிடையாது, வெறும் கம்பிதான். இசட்80 பிராசஸரே நொடிக்கு 50 முறை எட்டிப் பார்த்துப் படிக்கிறது. முதலில் சொன்ன எட்டு வரி அதன் ஏ8 முதல் ஏ15 வரை உள்ள அட்ரஸ் வரிகளுக்கு, ஐந்து வரி டேட்டா வரிகளுக்கு. அட்ரஸ் வரியில் ஒன்றின் வோல்ட்டேஜைக் கீழே இறக்கி 254-ஆம் போர்ட்டை (பிராசஸர் வெளியே பார்க்கும் வாசல்) படித்தால், அந்த வரியில் இருக்கும் ஐந்து கீயின் நிலையும் ஐந்து டேட்டா வரியில் வந்துவிடும். அந்த எட்டு அட்ரஸ் வரியிலும் மெயின் போர்டிலேயே ஆளுக்கொரு டயோடு இருக்கிறது.

இது தெரியாமல்தான் ஒவ்வொரு கீக்கும் ஒரு டயோடு வைக்கிறார்கள். யுஎஸ்பி கீபோர்டில் அது சரியான வேலை, இங்கே வம்பு. சிலிக்கான் டயோடு ஒன்றில் சுமார் 0.6 வோல்ட் தங்கிவிடும். போர்டில் ஏற்கெனவே ஒன்று, நீங்கள் வைத்தது இன்னொன்று, இரண்டும் சேர்ந்து 1.2 வோல்ட். டிடிஎல் என்ற வழக்கமான டிஜிட்டல் சிப் கணக்கில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அது பூஜ்யம். ஆக, கீ அழுத்தியதை மெஷின் உணருமா உணராதா என்பது விளிம்பில் தொங்கும், ஒரு மெஷினில் ஒழுங்காக அடிக்கிற கீபோர்டு அடுத்த மெஷினில் அடிக்காமல் போகலாம். அப்படியும் டயோடு வேண்டும் என்றால் 0.3 வோல்ட் அளவில் நிற்கும் ஷாட்கி வகை வாங்குங்கள்.

ஆனால் தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து. டயோடு எதற்கு? பேய் கீ வராமல் இருக்க. க்யூ, டபிள்யூ, ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் யாரும் தொடாத எஸ்ஸும் அழுத்தியது போல மெஷினுக்குத் தெரியும், அது உண்மை. ஆனால் எண்பதுகளில் கேம் எழுதியவர்களுக்கு அந்த மெம்பிரேன் அத்துப்படி. அவர்களில் நிறையப் பேர் பிடித்துக்கொண்ட க்யூ, ஏ, ஓ, பி, ஸ்பேஸ் சேர்க்கையை வரைந்து பாருங்கள்: க்யூ, ஓ, பி மூன்றும் விழுந்தால் டபிள்யூ பேயாக வரும், அதை அந்த கேம் பார்ப்பதே இல்லை. நாற்பது டயோடு வாங்கி அதைத் தீர்க்க வேண்டியதில்லை.

டெலீட் கீயைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைக் கேட்கிறார்கள், பெரும்பாலும் தப்பாகக் கட்டுகிறார்கள். ரப்பர் கீ ஸ்பெக்ட்ரத்தில் டெலீட் என்று தனிக் கீ இல்லை, கேப்ஸ் ஷிப்டோடு 0 அழுத்த வேண்டும். அம்புக்குறிகளும் அப்படியே, கேப்ஸ் ஷிப்டோடு 5, 6, 7, 8. 1984-இல் வந்த ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸில் இவற்றுக்குத் தனிக் கீ கொடுத்தார்கள், அதற்கென்று பல அடுக்கு மெம்பிரேன் வைத்தார்கள். நாம் ஒரு சாதாரண ஸ்விட்ச்சை வைத்து இரண்டு கீயின் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் வரிகள் ஒன்றோடொன்று கலந்து, டெலீட்டை அழுத்தும்போதெல்லாம் சம்பந்தமில்லாத கீகள் வரும்.

டெலீட்டுக்கு மட்டும் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. கேப்ஸ் ஷிப்ட் ஏ8 வரியில், 0 ஏ12 வரியில், ஆனால் இரண்டுக்கும் டேட்டா வரி ஒன்றே, டி0. அதனால் ஸ்விட்ச்சின் ஒரு காலை டி0-வில் கொடுத்து, மறு காலிலிருந்து இரண்டு ஷாட்கி டயோடு வழியாக ஒன்றை ஏ8-க்கும் ஒன்றை ஏ12-க்கும் கொண்டுபோனால் போதும் (டயோடின் கோடு போட்ட பக்கம் அட்ரஸ் வரியைப் பார்க்க வேண்டும்). அம்புக்குறிகளுக்கு இந்த வழி இல்லை. 5, 6 இரண்டும் டி4, 7 டி3, 8 டி2, ஒன்றும் கேப்ஸ் ஷிப்டோடு ஒத்துப்போகாது. அங்கே ஒரே அழுத்தில் இரண்டு தொடர்பை மூடும் டபுள் போல் ஸ்விட்ச் வேண்டும், இல்லையென்றால் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் அது ஆட்டி வைக்கும் அனலாக் ஸ்விட்ச் சிப்பும் வேண்டும். முதல் கீபோர்டு என்றால் அம்புக்குறியை விட்டுவிடுங்கள்.

இந்த வரைபடம் ஸ்பெக்ட்ரத்துக்கு மட்டும்தான். அதே காலத்துக் கம்ப்யூட்டரான கமோடோர் 64-இல் 8 × 8 மேட்ரிக்ஸ், அதாவது குறுக்கு நெடுக்கு வரிகளின் கட்டம். அதில் ரெஸ்டோர் கீ மேட்ரிக்ஸிலேயே இல்லை, பிராசஸரை உடனே இடைமறிக்கும் என்எம்ஐ வரிக்குத் தனியாகப் போகிறது. ஷிப்ட் லாக் என்பது இடது ஷிப்டுக்கு இணையாக நிற்கும், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ஸ்விட்ச். அதன் 20 பின் கனெக்டரில் 5 வோல்ட்டும் வருகிறது, ஒரு பின் தள்ளிச் செருகினால் சிப்புக்கு ஆபத்து, இரண்டாவது பின் இல்லாமல் விட்டிருப்பதே அதைத் தடுக்கத்தான். 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் வழியாக நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோவிலோ கீபோர்டு போர்டிலேயே சிப்புகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மாதிரி நினைக்காதீர்கள்.

அப்புறம் பிளேட், ஸ்விட்ச்சுகளைப் பிடித்து நிறுத்தும் தகடு. எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு உருட்டுகிற ஊர் நம் சேலம், லேசர் கட்டிங் பட்டறைக்கும் குறைவில்லை, அதனால் பிளேட்டை வெளியூரிலிருந்து வரவழைக்காமல் இங்கேயே வெட்டிக்கொள்ளலாம். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போங்கள். மெக்கானிக்கல் கீபோர்டுகளில் பரவலாக வரும் எம்எக்ஸ் வகை ஸ்விட்ச்சுக்கு 14 மி.மீ. சதுரத் துளை, தகடு 1.5 மி.மீ. கனம். 2 மி.மீ. தகடு சும்மா கிடக்கிறது என்று அதில் வெட்டச் சொன்னால் ஸ்விட்ச்சின் பக்கவாட்டுக் கொக்கி பிடிக்காது. என் முதல் பிளேட்டுக்குப் பட்டறையில் இருந்தவர், “டாலரன்ஸ் எவ்வளவு விடட்டும் தம்பி?” என்று கேட்டார். “14-ன்னா 14தான்ணா, அப்படியே வெட்டிடுங்க” என்றேன். லேசர் கதிருக்கும் ஒரு அகலம் உண்டு, அது தின்னும் அளவை யாராவது ஒருவர் கழிக்க வேண்டும். நான் வரைபடத்தில் கழிக்கவில்லை, சொல்லாததால் அவரும் கழிக்கவில்லை, நாற்பது துளையும் பெரிதாகி ஸ்விட்ச் எல்லாம் ஆடியது. இப்போதெல்லாம் முதலில் ஒரு துண்டுத் தகட்டில் 13.9, 14.0, 14.1 என்று மூன்று துளை போடச் சொல்லி, கையிலிருக்கும் ஸ்விட்ச்சைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் முழுத் தகட்டைக் கொடுக்கிறேன்.

கீக்கும் கீக்கும் நடுவே 19.05 மி.மீ. அதை 19 என்று சுருக்காதீர்கள். ஒரு கீக்கு 0.05 ஒன்றுமில்லை, பத்தாவது கீக்குப் போகும்போது கிட்டத்தட்ட அரை மி.மீ. தள்ளியிருக்கும், பிசிபி (ஸ்விட்ச்சுகளைப் பற்றவைக்கும் போர்டு) துளையில் ஸ்விட்ச்சின் கால் இறங்காது. ஈயம் வைக்கும்முன் ஸ்விட்ச் எல்லாவற்றையும் பிளேட்டில் மாட்டிவிட வேண்டும், நீளமான கீ ஒரு பக்கம் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் வைப்பதாக இருந்தால் அதை அதற்கும் முன்னால். மறந்தால் அத்தனை ஈயத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

உயரத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். பழைய மெஷினின் மொத்த உயரமே 30 மி.மீ. தான். எம்எக்ஸ் ஸ்விட்ச்சில் பிசிபிக்கும் பிளேட் மேல்பக்கத்துக்கும் நடுவில் மட்டுமே 5 மி.மீ. போய்விடும், அடியில் கால்கள் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், கீழே ஹீட்சிங்க்கும் டிவி மாடுலேட்டர் டப்பாவும் காத்திருக்கின்றன. பழைய உடம்பிலேயே அடக்க வேண்டும் என்றால் லோ புரொஃபைல் ஸ்விட்ச்தான் வழி, அதற்குக் கால்களின் இடமும் கீகேப்பும் வேறு, எம்எக்ஸ் பிசிபியில் உட்காராது. உயரம் போதவில்லை என்று அசல் மூடியை அறுக்காதீர்கள், தயவுசெய்து. தனியாக ஒரு பெட்டி செய்துகொள்ளலாம், நாற்பது வருடத்துப் பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்ட முடியாது. முகப்புத் தகட்டைக் கழற்றும்போதும் ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடாக்கிப் பசையை இளக்குங்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் மடிப்பு விழுந்துவிடும், அது போகவே போகாது.

ஈயப் பற்றவைப்பில் ஒரு பாடம் ஏற்காட்டில் கிடைத்தது. என் நண்பருக்கு ஒண்டிக்கடை பக்கம் வீடு. அவருக்காகக் கட்டிய கீபோர்டு சேலத்து ஏப்ரல் வெயிலில் பத்து நாள் பழுதில்லாமல் ஓடியது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் ஆடி மாதப் பனிமூட்டத்தில் ஒரு வாரம் இருந்ததும், யாரும் தொடாமலே எழுத்துகள் தானாக ஓட ஆரம்பித்தன. வண்டி குலுங்கியதில் ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். காரணம், ஈயம் ஒட்டுவதற்காக எலக்ட்ரிகல் கடையில் டப்பாவில் விற்கும் மஞ்சள் பேஸ்ட், அதாவது ஃப்ளக்ஸ். அதை தாராளமாகத் தடவி, பிறகு துடைக்காமல் விட்டிருந்தேன். காய்ந்த காற்றில் அது சும்மா கிடக்கும், ஈரத்தை இழுத்துக்கொண்டால் கரண்ட் கசிய வழி விடும். டேட்டா வரிகளை மேலே பிடித்து வைத்திருப்பது 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான், கசிவு கொஞ்சம் கூடினால் கீ அழுத்தியதாகக் கணக்காகிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவியதும் சரியாயிற்று. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் வெங்காரம் வைத்துப் பற்றவைத்த உருப்படியைக் கழுவிச் சுத்தம் செய்யாமல் அடுத்த கைக்குக் கொடுக்க மாட்டார்கள், அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். உள்ளேயே ஃப்ளக்ஸ் வைத்த 60/40 ஈயக் கம்பி வாங்கினால் தனிப் பேஸ்ட்டே தேவைப்படாது.

மின்சாரம் கொடுக்கும்முன் இரண்டு விஷயம். ஸ்பெக்ட்ரம் அடாப்டர் 9 வோல்ட், நடுப் பின் நெகட்டிவ். கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுப் பின் பாசிட்டிவ், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகாதீர்கள். அடுத்து, ஸ்டீல் பிளேட்டைச் சும்மா மேலே வைத்துக்கொண்டு ஸ்விட்ச்சைப் போடாதீர்கள். 4116 மெமரி சிப்புகளுக்கு +5, +12, −5 என்று மூன்று வோல்ட்டேஜ் போகிறது, பிளேட் சரிந்து எதையாவது தொட்டு −5 விழுந்துவிட்டால் சிப்புகள் செத்துவிடும். பிளேட்டின் அடியில் மின்சாரம் கடத்தாத கேப்டன் (Kapton) டேப் ஒட்டிவிட்டு வேலை பாருங்கள்.

கீகேப் விஷயத்தில் அழகுக்காக எழுத்தே இல்லாத வெள்ளைக் கீகேப் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். இன்றைய கம்ப்யூட்டருக்கான கீகேப் செட் வாங்கினாலும் அதே கஷ்டம்தான். இந்த மெஷினில் பேசிக் (BASIC) என்ற புரோகிராம் மொழியின் கட்டளையை எழுத்து எழுத்தாக அடிப்பதில்லை, ஒரே கீயில் முழுச் சொல்லும் வந்துவிடும். பி அழுத்தினால் பிரிண்ட், ஜே அழுத்தினால் லோட், ஆர் அழுத்தினால் ரன். அதே பி-யில் மேற்கோள் குறி, டேப், காப்புரிமைக் குறி எல்லாம் அடங்கியிருக்கின்றன. மனப்பாடமாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் வீட்டுக் குழந்தை முதல்முறை உட்காரும்போது அதற்கு அது தெரியாது. நான் நாற்பது கீக்கும் சின்னச் சின்ன வினைல் ஸ்டிக்கராக அடித்து, கட்டளை வெள்ளையில், சிம்பல் ஷிப்ட் குறிகள் சிவப்பில் என்று பழைய நிறத்திலேயே ஒட்டினேன். ஸ்டிக்கர் கடையில் கீயின் மேல்பக்க அளவைவிட ஒரு மி.மீ. குறைவாக வெட்டச் சொல்லுங்கள், ஓரம் வரை ஒட்டினால் விரல் பட்டுப் பட்டுப் பிரிந்துவிடும்.