அக்கூஸ்டிக் கிட்டாருக்கு பிக்கப்: துளை போடும் முன்னும் பின்னும்

எங்கள் சபைப் பாடகர் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவன் போன மாதம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் ஒன்று வேண்டுமாம். "அண்ணா, இருக்கறதுலயே நல்ல பிக்கப் எதுன்னு சொல்லுங்க, வாங்கிடறேன்" என்றான். "நீ வாசிக்கிற இடத்துல டிரம்ஸ் இருக்காடா?" என்று கேட்டேன். இருக்கிறதாம், அதுவும் அவன் முதுகுக்குப் பின்னாலேயே. சரி, அப்போதே பாதி முடிவு ஆகிவிட்டது.

பிக்கப்பில் முக்கியமாக மூன்று வகை. முதலாவது, சவுண்ட் ஹோலில், அதாவது கிட்டார் உடலின் நடுவில் இருக்கும் வட்டத் துளையில், குறுக்கே மாட்டும் காந்த பிக்கப். ஸ்டீல் கம்பிக்கு மட்டும்தான் வேலை செய்யும்; நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் மாட்டினால் ஒரு சத்தமும் வராது. தடித்த கம்பிகளின் மேலே சுற்றியிருக்கும் வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது, உள்ளே இருக்கும் ஸ்டீல் நரம்புதான் அதற்குக் கணக்கு. அதனால் சுற்று இல்லாத இரண்டாவது கம்பி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கும். திருகு இருக்கும் பிக்கப் என்றால் அந்தக் கம்பிக்குக் கீழே உள்ள திருகைக் கொஞ்சம் இறக்கிவிடலாம். சத்தம் சற்று எலெக்ட்ரிக் சாயலில்தான் வரும். ஆனால் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றாலும் எளிதில் ஊளையிடாது (ஸ்பீக்கர் சத்தத்தையே கிட்டார் திரும்ப வாங்கி அலறுவதைத்தான் ஊளை என்கிறேன்). வேண்டாம் என்றால் கழற்றியும் விடலாம்.

இரண்டாவது, பிரிட்ஜுக்கு (உடலின் மேல் கம்பிகளைக் கட்டும் கட்டை) நேர் கீழே, உடலுக்குள் இருக்கும் பலகையில் ஒட்டும் பீசோ வில்லைகள். பீசோ என்பது அழுத்தத்தையும் அதிர்வையும் மின்சாரமாக மாற்றும் பொருள். கே அண்ட் கே பியூர் மினி இந்த ரகம்: மூன்று சின்ன வில்லைகள், பேட்டரி கிடையாது. பலகையே அதிர்வதைக் கேட்பதால் மரத்தின் குரல் அப்படியே வரும், விரலால் தட்டினால் தட்டுகிற சத்தமும் வரும். தனியாக உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். சத்தமான மேடைக்கு மட்டும் வேண்டாம். சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் 27 மில்லிமீட்டர் பீசோ வில்லையை வாங்கி நானே ஒட்டியும் பார்த்திருக்கிறேன். தகர டப்பா சத்தம்தான் வந்தது, ஆனால் சால்டரிங் பழக அதைவிட மலிவான வழி இல்லை.

மூன்றாவது, சேடிலுக்கு (பிரிட்ஜின் மேல் கம்பிகள் சாய்ந்து நிற்கும் மெல்லிய துண்டு) அடியில் படுக்கும் மெல்லிய பீசோ பட்டை. கடையிலிருந்து பிக்கப்போடு வரும் கிட்டார்களில் பெரும்பாலும் இதுதான். ஓங்கி ஸ்ட்ரம் செய்தால் வாத்து கத்துவது போல ஒரு சத்தம் வரும் என்று எல்லோரும் திட்டுவார்கள், அது உண்மைதான். கம்பியின் அழுத்தத்தை நேரடியாக வாங்குவதால் அடியின் முனை மட்டும் கூர்மையாகக் கேட்கும், உடலுக்குள் சுழலும் காற்று கேட்காது. ஆனாலும் கூட்டத்தோடு வாசிக்கிற ஆளுக்கு இதுதான் நடுவழி. தம்பிக்கும் இதைத்தான் வாங்கச் சொன்னேன்.

இனி பொருத்துவது. பிக்கப் மோசம் என்று என்னிடம் வந்த கிட்டார்களில் பாதிக்கு மேல் பிக்கப்பில் ஒரு கோளாறும் இல்லை, சேடிலின் அடிப்பக்கம்தான் சரியில்லை. ஆகவே இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

முதலில் சேடிலைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பொதுவாக 2.4 அல்லது 3.2 மில்லிமீட்டர் இருக்கும். அதற்குத் தகுந்த பட்டையை வாங்கவேண்டும். பள்ளத்தின் தரை சமமாக இருக்கிறதா, பழைய பசையோ மரத்துளோ கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் பள்ளத்தின் ஒரு கோடியில் ஒயர் உள்ளே இறங்க ஒரு சின்னத் துளை. செங்குத்தாகப் போடாமல் லேசாகச் சாய்த்துப் போட்டால் பட்டை முறுக்கிக்கொள்ளாமல் வளைந்து இறங்கும். டிரில்லைத் தொடும் முன் சவுண்ட் ஹோல் வழியாக ஒரு சின்னக் கண்ணாடியை விட்டு, துளை இறங்கும் இடத்தில் உள்கட்டை எதுவும் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பட்டை எவ்வளவு தடிமனோ அவ்வளவையும் சேடிலின் அடியிலிருந்து தேய்த்து எடுக்கவேண்டும், இல்லையென்றால் கம்பிகள் மேலே ஏறிவிடும். நான் முதன்முதலில் செய்தபோது உப்புத்தாளை மேசையில் விரித்து, சேடிலைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தேன். பார்க்க நேராகத்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் முதல் இரண்டு கம்பிகள் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டன. கையில் பிடித்துத் தேய்க்கும்போது இரண்டு முனையும் நமக்குத் தெரியாமலேயே உருண்டுவிடுகின்றன, நடுப்பகுதி மட்டும்தான் பட்டையில் உட்காருகிறது.

இப்போது செய்வது இப்படி. தடிமனான கண்ணாடித் துண்டு ஒன்றில் உப்புத்தாளை இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டுவேன். சேடிலை ஒரு சதுர மரக்கட்டையோடு சேர்த்துப் பிடித்தால் அது சாயாது. அடிப்பக்கம் முழுவதும் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டுவிட்டு நாலைந்து இழுப்பு இழுத்துத் திருப்பிப் பார்ப்பேன். கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அழிந்தால் சமம். நடுவில் அழிந்து ஓரத்தில் தங்கினால் உருண்டிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி கோடு, மறுபடி இழுப்பு. ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

சேடில் பள்ளத்துக்குள் விரலால் அழுத்தினால் இறங்கவேண்டும், விரலால் இழுத்தால் வரவேண்டும். குறடு போட்டுப் பிடுங்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் கம்பியின் அழுத்தம் பட்டைக்குப் போகாமல் பக்கச் சுவரிலேயே நின்றுவிடும். ஆடினாலோ கம்பியின் இழுப்பில் முன்பக்கம் சாயும்.

அடுத்தது ஜாக், கேபிளைச் செருகும் வாய். கிட்டாரின் அடிப்புறத்தில் ஸ்ட்ராப் மாட்டும் பட்டன் இருக்கிறதே, அந்த இடத்தில்தான் வரும். பெரும்பாலான ஜாக்குகளுக்கு 12 மில்லிமீட்டர் துளை போதும், ஆனாலும் கையில் இருப்பதை அளந்துவிட்டே போடுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி, படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் பிட்டை வைத்து, மெஷினை முதலில் எதிர்த்திசையில் சுற்றவிட்டால் பாலிஷ் பெயராமல் வட்டமாக வெட்டுப்படும். பிறகு முன்திசையில் மெதுவாக.

துளை போட்டாயிற்று, ஜாக்கை உள்ளேயிருந்து எப்படி அந்தத் துளைக்குக் கொண்டுவருவது? கை எட்டாது. பழைய கிட்டார் கேபிள் ஒன்றின் பிளக்கில் மூடியைக் கழற்றிவிட்டு, ஒயரோடு வெளியிலிருந்து துளைக்குள் விட்டு, சவுண்ட் ஹோல் வழியே எடுங்கள். அங்கே ஜாக்கை அதில் செருகி, ஒயரைப் பின்னாலிருந்து இழுத்தால் சமர்த்தாக வந்து நிற்கும். ஜாக்கின் குழலில் குறுக்கே ஒரு சின்ன ஓட்டை இருந்தால் அதில் ஓர் ஆணியைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்குங்கள். பிடிக்காமல் முறுக்கினால் உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றி ஒயர் அறுந்துவிடும்.

பட்டையின் சத்தத்தைப் பெருக்கும் சின்ன ப்ரீஆம்ப் பேட்டரியில் ஓடும்; அந்தப் பேட்டரிப் பையை கழுத்துப்பக்கக் கட்டையில் வெல்க்ரோ போட்டு ஒட்டச் சொல்வார்கள். சென்னை மே மாத வெயிலில் காருக்குள் கிட்டாரை வைத்தால் அந்தப் பசை இளகிவிடும், பாதிப் பாட்டில் உள்ளே தொப்பென்று விழும். பசையை மட்டும் நம்பவேண்டாம்.

எல்லாம் முடிந்து கம்பி கட்டியதும் ஒவ்வொரு கம்பியையும் ஒரே பலத்தில் தட்டிக் கேளுங்கள். ஒன்று மட்டும் அமுங்கியிருந்தால் ஈக்வலைசர் பக்கம் போகாதீர்கள். திரும்ப சேடிலைக் கழற்றுங்கள், பென்சிலை எடுங்கள்.

ஆம்ப் விஷயத்தில் பலரும் செய்வது, வீட்டில் கிடக்கும் எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்பில் செருகுவது. அதன் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடும். டிஸ்டார்ஷனுக்கு அது நல்லது, அக்கூஸ்டிக்குக்கு கம்பளி போர்த்தியது போல இருக்கும். அக்கூஸ்டிக் ஆம்ப் என்பது ட்வீட்டர் (கூர்மையான சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) வைத்த குட்டி பி.ஏ., அதாவது மண்டபத்து ஒலிபெருக்கி, என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாத இடத்தில் வாசிக்க ரோலண்ட் ஏசி-33, எட்டு டபுள்-ஏ பேட்டரியில் ஓடும். சின்ன மண்டபத்துக்கு 60 வாட் ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி போதும், மைக் போடவும் ஒரு சேனல் உண்டு. ஏஇஆர் காம்பேக்ட் 60-உம் அதே வாட்தான், ஆனால் விலையில் மலை.

மிக்ஸர் இருக்கும் சபைக்கு ஆம்பே தேவையில்லை, ஒரு டிஐ பாக்ஸ் வாங்குங்கள்; கிட்டாரின் சைகையை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி அது. பேட்டரி இல்லாத பீசோவை சாதாரண பேசிவ் (மின்சாரம் தேவைப்படாத) டிஐயில் செருகினால் அடிக்குரல் காணாமல் போகும். பீசோவுக்கு குறைந்தது 1 மெகாஓம் உள்ளீட்டு மின்தடை வேண்டும், 10 மெகாஓம் என்றால் இன்னும் நல்லது. ஹம் (உம்மென்ற இரைச்சல்) வந்தால் டிஐயில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். மண்டபத்தில் யாராவது ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கச் சொன்னால் கிட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்; உயிர் சம்பந்தப்பட்டது.

ஊளை பெரும்பாலும் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் கிளம்பும், கிட்டார் உடலின் சொந்த அதிர்வு அங்கே இருப்பதால். சவுண்ட் ஹோலுக்கு ரப்பர் மூடி போட்டாலே பாதி அடங்கும். அதன் பிறகும் வந்தால் சைகையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்ச், அதற்கும் அடங்காவிட்டால் ஒரு குறுகிய அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச். ஊளை லேசாகத் தொடங்கும்வரை வால்யூமை ஏற்றிவிட்டு, நாட்சை மெதுவாகத் திருப்பி, அது நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

தம்பியின் கிட்டாருக்கு சேடிலை மூன்று முறை தேய்க்கவேண்டியிருந்தது. கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினேன்: வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்று, செருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். மறுவாரம் ஞாயிறு காலை ஆறரைக்கு போன் வந்தது. "அண்ணா, சத்தமே வரல."