ஸ்வீடனில் வாடகை வீடா? வெள்ளைச் சுவரில் கை வைக்கும் முன் இதைப் படியுங்கள்

ஸ்டாக்ஹோமுக்கு வேலைக்கு வருகிறவர்கள் வீடு பிடிப்பது எப்படி என்று கேட்பார்கள், அதைப் பற்றி ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டார்கள், நான் வேகமாகச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சி வீட்டு வரிசையில் பெயரைப் பதிந்து வையுங்கள், ஆனால் நல்ல இடத்தில் நேரடி ஒப்பந்தம் கிடைக்கப் பல வருடம் ஆகும். அதனால் வந்த புதிதில் எல்லோரும் உள்வாடகைதான், இங்கே அந்த்ராஹாண்ட் என்பார்கள். உள்வாடகைக்கு விட வீட்டுக்காரர் குடியிருப்புச் சங்கத்திடமோ கட்டட நிறுவனத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள், அதைப் பார்க்காமல் ஒரு குரோனாகூட அட்வான்ஸ் போடாதீர்கள். வரி அலுவலகத்தில் பதிந்து பெர்சோன்நும்மர் என்ற அடையாள எண், அப்புறம் வங்கிக் கணக்கு, பேங்க்ஐடி என்ற மின்னணு அடையாளம், வீட்டுக் காப்பீடு. முடிந்தது.

இப்போது கையில் சாவி. கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர், வெளிறிய மரத்தரை, கம்பி இல்லாத பெரிய ஜன்னல். மின்விசிறி கிடையாது, பல வீடுகளில் விளக்கும் கிடையாது, கூரையில் வெறும் பிளக் மட்டும் இருக்கும், விளக்கை நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். வீடியோவில் பார்த்த என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இன்னும் பெயின்ட் அடிச்சு முடிக்கலையா?"

முடித்துவிட்டார்கள் அம்மா, இதுதான் பெயின்ட். காரணம் வெளிச்சம். ஸ்டாக்ஹோம் 59 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் பகல் என்பதே சுமார் 6 மணி நேரம், மதியம் மூன்றுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து 7 டிகிரி உயரம்தான் ஏறும். அந்தச் சாய்ந்த வெளிச்சம் ஜன்னலில் நுழைந்து எதிர்ச் சுவர் வரை போகும். சுவர் வெளிறி இருந்தால் அதை அறை முழுக்கத் திருப்பி விடும், நம் ஊர் பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் விழுங்கிவிடும். நம் வீடுகளில் பகல் பதினோரு மணிக்கே திரையை இழுத்து விட்டு வெயிலை வெளியே நிறுத்துவோம், இங்கே அதைக் கெஞ்சி உள்ளே கூப்பிட வேண்டும். கனத்த திரை, ஜன்னலை மறைக்கும் பீரோ, அடர்பழுப்பு சோபா எல்லாம் நவம்பரில் உங்களையே அழுத்தும்.

அதற்காக இந்த ஊர்க்காரர்கள் எப்போதும் வெள்ளையிலேயே வாழ்ந்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஃபாலுன் பக்கத்தில் சுண்ட்போர்ன் கிராமத்தில் ஓவியர் கார்ல் லார்சனின் வீடு இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள், சாப்பாட்டு அறையில் சிவப்பும் பச்சையும் நம் ஊர்த் தேர் அலங்காரத்தோடு போட்டி போடும். இப்போதைய வெள்ளைக்கு வீட்டுத் தரகர்களுக்கும் பங்கு உண்டு. விற்கப்போகும் பிளாட்டை யாருக்கும் பிடிக்காமல் போகாத நிறத்தில் அடித்து வைப்பார்கள், அதையே நமக்கு வாடகைக்கும் விடுவார்கள்.

சரி, அடிவாங்கிய கதைக்கு வருகிறேன். என் நண்பர் மதுரைக்காரர், குழாய் ஒழுகினால்கூட ஆள் கூப்பிடாமல் தானே சரிசெய்கிறவர். ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில் உள்வாடகையில் சில வருடம் இருந்தார். ஹால் சுவரில் சாமி படங்கள், கீழே தினமும் நல்லெண்ணெய் விளக்கு. சமையலறை ஹாலோடு சேர்ந்தது, எனவே தாளிப்புப் புகை, மஞ்சள் விரல் தடம், குழந்தையின் கிரேயான் எல்லாம் சுவரில். காலி செய்யும்போது நம் ஊர்க் கணக்குப் போட்டார். அங்கே பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதானே அட்வான்ஸைத் தருவார்கள், நாமே அடித்துக் கொடுத்துவிட்டால் முழுசாக வரும் என்று. கடையில் மலிவாகக் கிடைத்த ஒரு வாளி வெள்ளையை வாங்கினார். இரவு, விளக்கு வெளிச்சத்தில், ஆணி ஓட்டைகளை அடைத்து, கறை இருந்த இடத்தில் மட்டும் பிரஷால் தொட்டுத் தொட்டு அடித்தார். பார்த்தால் அப்பழுக்கில்லை.

சாவி ஒப்படைக்கும் நாள் பிப்ரவரி காலை, நல்ல வெயில். தாழ்ந்த சூரியன் பக்கவாட்டில் சுவரை உரசிக்கொண்டு போனது, சுவர் முழுக்கத் தேமல். வீட்டுக்காரர் கத்தவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு நாலைந்து போட்டோ எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனார். பிறகு மெயிலில் வந்தது ஒரு பெயின்டிங் கம்பெனி பில், ஹாலின் எல்லாச் சுவருக்கும். அட்வான்ஸில் பாதிக்கு மேல் போய்விட்டது. நேரில் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நண்பர் இன்னும் புலம்புகிறார்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் "போகும்போது ஒரு கோட் வெள்ளை அடிச்சிடுங்க" என்று புதிதாக வருகிறவர்களுக்கு இன்னும் சிலர் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கேட்கும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது.

இங்கே நிறங்களுக்கு என்.சி.எஸ் என்று ஒரு குறியீட்டு முறை. சுவர்களில் அடிக்கடி பார்க்கும் வெள்ளை எஸ் 0502-ஒய், ஸ்டாக்ஹோம் வெள்ளை என்றே அதற்குப் பெயர். முதல் இரண்டு எண் கருமை எவ்வளவு, அடுத்த இரண்டு நிறச்செறிவு எவ்வளவு, ஒய் என்பது மஞ்சள். அதாவது துளி மஞ்சள் கலந்த வெள்ளை, வடக்கு வெளிச்சம் நீலம் பாய்ந்து குளிராக இருப்பதால் அந்தத் துளி தேவைப்படுகிறது. மஞ்சள் கலக்காத எஸ் 0500-என் வேறு. வாளியில் வெறுமனே வெள்ளை என்று இருப்பது இன்னும் வேறாக இருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் வெள்ளைதான், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய வில்லன் மினுமினுப்பு. அதற்கும் எண் உண்டு, கிளான்ஸ் என்று டப்பாவில் போட்டிருக்கும். கூரைக்கு 2, 3 என்று பளபளப்பே இல்லாதது, சுவருக்கு 5 முதல் 7, கதவு ஜன்னல் சட்டத்துக்கு 40 வரை. நண்பர் வாங்கியது கூரை பெயின்ட். நிறம் பொருந்தியிருந்தாலும் வெயில் பட்டதும் அந்த இடங்கள் செத்துப்போய்த் தெரிந்திருக்கும். இதற்குத் தலைகீழ் ஆபத்தும் உண்டு, மேட் சுவரில் மஞ்சள் கறையை ஸ்கிரப்பரால் தேய்த்தால் கறை போய் அந்த இடம் மட்டும் பளபளக்கும். கறை பட்டதும் மென்மையான துணி, நீர்த்த பாத்திர சோப்பு, அவ்வளவுதான். பெரிய சுவரைக் கழுவுவதென்றால் பெயின்ட் கடையில் மோலார்த்வெட் என்ற சுவர் கழுவும் கரைசலைக் கேளுங்கள், கீழிருந்து மேலே கழுவுங்கள், மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்கு நீர் வழிந்த கோடு நின்றுவிடும்.

இன்னொன்று, பல வீடுகளில் பெயின்டுக்கு அடியில் கண்ணாடி நார்த் துணி ஒட்டியிருப்பார்கள். கிட்டே போய்ப் பாருங்கள், மெல்லிய நெசவு தெரியும். ஆணி ஓட்டையை அடைக்கிறேன் என்று பட்டியைப் பட்டையாக இழுத்தால் அந்த நெசவு மூடி வழுக்கையாகிவிடும். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து ஓட்டைக்குள் மட்டும் அழுத்தி, சுற்றியிருப்பதை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

சட்டம் என்று பார்த்தால், நேரடி ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர் தன் செலவில் பெயின்ட் அடிக்கலாம், வால்பேப்பர் ஒட்டலாம், ஆனால் அதனால் வீட்டின் மதிப்பு குறைந்தால் நஷ்டஈடு கேட்பார்கள். உள்வாடகையில் அந்த உரிமையை நம்பாதீர்கள், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அட்வான்ஸ் பெரும்பாலும் வீட்டுக்காரரின் சொந்தக் கணக்கில்தான் கிடக்கும், அவர் பிடித்துக்கொண்டால் நாம்தான் அலைய வேண்டும். குரூனுஃபோக்டன் என்ற அமலாக்க அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், எதிர்ப்பக்கம் மறுத்தால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். நண்பரிடம் குடிவந்தபோது எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை, சுவர் முன்பு எப்படி இருந்தது என்று எதைக் காட்டுவார்? விட்டுவிட்டார்.

ஆகவே குடிபோகும் அன்றே, சாமான் இறக்கும் முன், பகலில், ஒவ்வொரு சுவரையும் ஜன்னல் பக்கத்திலிருந்து சாய்வாகப் போட்டோ எடுங்கள். நேர் எதிரே நின்று எடுத்தால் ஒன்றும் தெரியாது. பழைய குறைகளை அன்றைக்கே மெயிலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் வேண்டாம். அதே மெயிலில் சுவரின் நிறக் குறியீடும் கிளான்ஸும் கேளுங்கள். கீழே ஸ்டோர் ரூமில் பழைய டப்பா இருந்தால் மூடி லேபிளைப் போட்டோ எடுத்துவிடுங்கள். குறியீடு தெரிந்தாலும் கறை மேல் மட்டும் தொடாதீர்கள், பழைய பெயின்ட் காலப்போக்கில் மாறியிருக்கும். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை முழுச் சுவரையும் ரோலரால் அடியுங்கள், பகலில். எண்ணெய், மஞ்சள், கிரேயான் இருந்த இடத்துக்கு முதலில் கறை தடுக்கும் பிரைமர், இல்லாவிட்டால் புது வெள்ளைக்குள்ளிருந்து பழைய மஞ்சள் எட்டிப் பார்க்கும். இதெல்லாம் முடியாது என்றால் ஒன்றும் அடிக்காமல், சுத்தமாகக் கழுவி, அப்படியே ஒப்படையுங்கள். சாதாரணமாக வாழ்ந்ததால் வந்த தேய்மானத்துக்கு வாதாடலாம், நாமே போட்ட தேமலுக்கு வாதாட முடியாது.

பாத்ரூம் சுவரில் மட்டும் ஆணி, டிரில் எதுவும் வேண்டவே வேண்டாம். டைலுக்குப் பின்னால் நீர் புகாத படலம் இருக்கிறது, அதைத் துளைத்தால் கீழ்வீட்டுக்காரர் வரை பிரச்சினை போகும்.

இனி அலங்காரம். சுவரைத் தொடாமலேயே வீட்டை அழகாக்கலாம், அதற்கு வேண்டிய பாதிப் பொருள் நம்மிடமே இருக்கிறது, இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். சாயம் போடாத கோரா பருத்தி, பத்தமடைப் பாய், பனையோலைப் பெட்டி, மண் சட்டி, பித்தளைக் குத்துவிளக்கு. இங்குள்ள கடைகளில் லினன், ஆட்டுத்தோல், பிர்ச் மரம் என்று வெளிறிய நிறத்தில் விதவிதமான சொரசொரப்பை விலை போட்டு விற்பதும் இதற்காகத்தான், நிறம் அடங்கியிருக்கும்போது கண் நெசவையும் மரவரியையும் தேடும். என் வீட்டில் பித்தளை விளக்கு ஒன்றும் பவானி ஜமக்காளம் ஒன்றும்தான் அடர்நிறம், வந்த ஸ்வீடிஷ் விருந்தாளிகள் எல்லோரும் அந்த இரண்டைப் பற்றித்தான் கேட்டார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள், அதை இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேஜை, அலமாரிக்கு அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள். ப்ளாக்கெட் என்ற விளம்பரத் தளத்தில் தேடுங்கள், மீருர்னா, ஸ்டாட்ஸ்மிஷூனன் பழைய பொருள் கடைகளில் நல்ல பைன், ஓக் சாமான் கிடைக்கும். ரேடியேட்டரை ஒட்டி சோபா போடாதீர்கள், சூடு அறைக்கு வராது.

சாமி படங்களைச் சுவரில் அடிக்காமல் திறந்த அலமாரியில் வையுங்கள். அலமாரி மேல்தட்டுக்கு அடியில் விளக்கேற்றினால் கரி மரத்தில் படியும், எனவே விளக்கை முன்னால் ஒரு தட்டில் தனியாக வையுங்கள், புகை அலாரத்துக்கு நேர் கீழே வேண்டாம். அடுப்பின் மேலே இருக்கும் ஃபேன் புகையை வெளியே தள்ளுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். பல அடுக்குமாடிகளில் பொதுக் காற்றுக் குழாயோடு மோட்டார் ஃபேனை இணைக்கக் கூடாது, கரி ஃபில்டர் வழியாகக் காற்றை மறுபடி அறைக்குள்ளேயே விடும் ஃபேன்தான் இருக்கும். அதன் கீழே கடுகு தாளித்தால் புகை ஹால் சுவருக்குப் போகும். கரி ஃபில்டரைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், உலோக வலையை அடிக்கடி கழுவுங்கள், தாளிக்கும்போது ஜன்னலைத் திறங்கள், ஜனவரியிலும்தான். வெள்ளை மேஜை விரிப்பில் மஞ்சள் பட்டுவிட்டால் அழாதீர்கள், துவைத்து ஜன்னல் வெயிலில் காயப்போடுங்கள், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் மங்கிவிடும். இந்தக் கோடை வெயில் நமக்குச் செய்யும் ஒரே உபகாரம் அது.

விளக்குக்கு இதமான மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் பல்பு வாங்குங்கள், ஊரில் பழகிய வெள்ளை டியூப் வெளிச்சம் இங்கே மாலை மூன்று மணிக்கே வீட்டை வெறிச்சோட வைக்கும். கூரையில் ஒன்றோடு நிறுத்தாமல் மூலைக்கு மூலை சின்ன விளக்கு, ஜன்னல் விளிம்பில் ஒன்று. டிசம்பரில் எல்லா ஜன்னலிலும் ஏழு மெழுகுவத்தி வடிவ மின்விளக்கு வைப்பார்கள், நீங்களும் வையுங்கள். கார்த்திகை அதே சமயத்தில்தான் வரும், நான் இரண்டையும் சேர்த்தே வைக்கிறேன். கூரை பிளக்கில் விளக்கை நீங்களே மாட்டலாம், ஒயரிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள், அதற்குப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் வேண்டும். காலி செய்யும்போது விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போவது இங்கே வழக்கம்தான், கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம் படுக்கையறைக்கு ஒரு கருந்திரை. ஜூனில் விடியற்காலை மூன்றரைக்கே சூரியன் வந்துவிடும், குழந்தைகள் எழுந்து இட்லி கேட்பார்கள். ஏப்ரலிலேயே வாங்கி மாட்டுங்கள், ஜன்னல் சட்டத்தில் திருகாணி போடும் முன் வீட்டுக்காரருக்கு ஒரு மெயில்.